மூன்று பேருக்கு ஒரு பாண்

31 மார்ச் 2022, வியாழன்

சிலிண்டர் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். வெற்றுச் சிலிண்டரோடு இவர் வரிசையில் நின்றது ஐந்து நாள். லொறி வரவில்லை. இன்று பகலும் இரவுமாகப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லையென்று அறிவித்திருக்கிறார்கள்.

மத்தியானச் சோற்றைக் கிணற்றடியில் மூன்று கல் வைத்து விறகில் சமைக்கிறேன். அதற்கு மேல் முடியாது. புகை வீட்டுக்குள் வந்தால் மாமிக்கு, இவருடைய அம்மாவுக்கு, இழுப்பு வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவருடைய உலகம் முன் அறையும் வோக்கரும்தான். பல்லும் இல்லை. காலையும் மாலையும் பாணைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, கரையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் மெதுமையை மட்டும் சாப்பிடுவார். சந்திப் பேக்கரியில் பாண் சுடும் போறணைக்கு டீசல் இல்லை. நான்கு நாளாகப் பூட்டு.

கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி கிடக்கிறது. லண்டனிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை ஊரில் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த ஸ்லோ குக்கர். மூன்று வருஷமாகப் பிரிக்கவில்லை. அதில் பாணும் சுடலாம் என்று அவள் சொன்ன ஞாபகம். குறைந்த மின்சாரம்தான் இழுக்குமாம். இழுக்க மின்சாரம் இருக்கவேண்டும்.

இந்தக் கொப்பி பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எழுதாமல் மிஞ்சியது. இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். மாணவர்களின் பரிசோதனைகளுக்குச் சாமான் எடுத்து வைத்தேனே தவிர, எனக்கென்று ஒன்றும் செய்து பார்த்ததில்லை.

இவர் என்று எழுதியிருக்கிறேன். தயாபரன் என்று எழுதலாம். கொப்பி என்னுடையதுதானே.

3 ஏப்ரல், ஞாயிறு

ஊரடங்கு. மூவரும் வீட்டில்.

முதல் பாண். கோதுமை மா மூன்று கோப்பை, ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். வாழையிலையை வாட்டி அடியில் போட்டு, பிசைந்த மாவை அதன் மேல் வைத்து, கூடிய சூட்டில் விட்டேன். ஒன்றேகால் மணித்தியாலத்தில் மின்சாரம் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் கழித்து வந்தபோது அது பசையாகிக் கிடந்தது. மறுபடி சூடாக்கியும் பயனில்லை.

தயாபரன் எட்டிப் பார்த்தார். "மாவையும் வீணாக்கியாச்சு," என்றார். அவர் வழக்கமாகச் சொல்வதை விட இது குறைவு.

7 ஏப்ரல், வியாழன்

எங்கள் பிரிவுக்கு மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று பத்திரிகையில் வந்த அட்டவணையை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். தொடர்ந்து இரண்டரை மணித்தியாலம் வேண்டும். இன்று விடிய ஐந்தரைக்கு வைத்தேன்.

வெந்துவிட்டது. ஆனால் மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக மேலே விழுந்து, மேற்பக்கம் கூழாகிவிட்டது. அடி மட்டும் பொன்னிறம்.

அடுத்த முறை மூடிக்குக் கீழே துவாய்த் துணி ஒன்றை இழுத்துக் கட்டவேண்டும்.

14 ஏப்ரல், வியாழன்

சித்திரைப் புத்தாண்டு. விறகில் பொங்கினேன். பின்னேரம் நான்காவது பாண்.

துவாய் வேலை செய்கிறது. மேற்பக்கம் ஈரமில்லை. ஆனால் வெள்ளை வெளேர் என்று நோயாளி முகம்போல இருந்தது. மாமி விரலால் அமத்திப் பார்த்தார்.

"இது பாணோ, தலாணியோ?"

"தலாணி மாமி. பசிச்சால் திண்ணலாம், நித்திரை வந்தால் படுக்கலாம்."

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட, மறுபடி சிரிப்பு. தயாபரன் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை," என்று போய்விட்டார்.

மாமி இரண்டு துண்டு சாப்பிட்டார். கரை ஒதுக்கவில்லை. ஒதுக்குவதற்குக் கரை இல்லை. இந்தக் குக்கரில் கரை கடினமாகாது. அவருக்கென்றே செய்ததுபோல.

26 ஏப்ரல், செவ்வாய்

சீமெந்து விலையால் தயாபரன் மேற்பார்வை செய்துவந்த இரண்டு கட்டட வேலையும் நின்றுவிட்டன. வவுனியாவில் யாரோ கட்டுகிறார்களாம், விசாரித்து வருகிறேன் என்று விடிய ரயிலில் போனார். அவருடைய அக்கா தவமலர் மச்சாள் அங்கேதான் இருக்கிறார். இரண்டு நாள் தங்குவாராம்.

ஆறாவது பாண். முக்கால்வாசி வெந்ததும் தலைகீழாகத் திருப்பிப்போட்டு அரை மணித்தியாலம் விட்டேன். இரண்டு பக்கமும் நிறம் வந்துவிட்டது. காட்ட ஆள் இல்லை. மாமியிடம் காட்டினேன்.

"இப்ப இது பாண்," என்றார்.

8 மே, ஞாயிறு

இன்று தயாபரன் சொன்னது: "நல்லா இருக்கு. கடைப்பாணை விட நல்லா இருக்கு."

பத்தொன்பது வருஷத்தில் நான் சமைத்த எதையும் அவர் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் நன்றாயிருக்கிறது என்று பொருள். அப்படித்தான் பழகியிருக்கிறேன். இன்று வாய் திறந்து சொன்னார். சம்பல் பூசி மூன்று துண்டு.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றேன்.

15 மே, ஞாயிறு

வேலையில்லாததால் வீட்டைத் திருத்துகிறார். ஒழுகிய குழாய்க்கு வாசர் போட்டார். ஓடு மாற்றினார். மாமியின் குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க இரும்புக் கம்பி பூட்டினார். இதை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். தண்ணீர் மோட்டர் காற்றுப் பிடித்தால் எந்த ஆணியைக் கழற்றி எப்படித் தண்ணீர் விடுவதென்று காட்டினார். என்னையே இரண்டுதரம் செய்யச் சொன்னார்.

"நீங்கள் இருக்கிறியள்தானே, எனக்கு ஏன்?"

"நான் நிக்காத நேரம் வந்தால்? பழகி வையும்."

மாமி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததும் முகத்தை உள்ளே எடுத்துவிட்டார்.

29 மே, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். பாண் பொங்கவில்லை. எழுத ஒன்றுமில்லை.

2 ஜூன், வியாழன்

ஈஸ்ட் முடிந்துவிட்டது. எந்தக் கடையிலும் இல்லை. அப்பத்துக்குக் கள்ளு விடுவதுதானே என்று தோன்றியது. தயாபரன் தவறணையில் பனங்கள்ளு ஒரு போத்தல் வாங்கி வந்தார். காற்போத்தல் விட்டுப் பிசைந்தேன். மூன்று மணித்தியாலத்தில் மா பானையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. ஈஸ்ட் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

மாமிக்கு மணம் பிடிபட்டுவிட்டது. "வயசு போன காலத்திலை என்னைக் கள்ளுக் குடிக்கப் பழக்கிறாள்," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டு கேட்டார்.

தயாபரன் நாளை நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறாராம். இரத்தமும் சோதிக்கவேணுமாம். இருமல் என்றார். அவர் இருமி நான் கேட்கவில்லை.

12 ஜூன், ஞாயிறு

மாமிக்குக் கால் வீக்கம். எண்ணெய் பூசினேன். பதினோராவது பாண், சரி. தயாபரன் மீசையைக் குறைத்து முகத்தை மழித்திருக்கிறார். இளமையாகத் தெரிகிறார் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

22 ஜூன், புதன்

எரிபொருள் இல்லையென்று பள்ளிக்கூடம் பூட்டு. நாள் முழுக்க வீட்டில்.

காலையில் மா அள்ளும்போது தயாபரன் குசினிக்குள் வந்து நின்றார். "எப்பிடிச் செய்யிறீர் எண்டு எனக்கும் சொல்லும்."

"நீங்கள் ஏன் படிக்கிறியள்?"

"சும்மா. தெரிஞ்சு வைப்பம்."

தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்று கோப்பை. ஒரு தேக்கரண்டி. கள்ளு இல்லாத இடத்தில் ஈஸ்ட். கள்ளு இல்லாத இடம் என்று நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். நான் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவச் சொல்லிப் பிசைய விட்டேன். சீமெந்துக் கலவையை மண்வெட்டியால் புரட்டுபவர்போல் விரலால் கிளறினார். உள்ளங்கையின் அடியால் தள்ளவேண்டும், மடிக்கவேண்டும், மறுபடி தள்ளவேண்டும் என்று அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்துக் காட்டினேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. மா பதமாகிவிட்டது, கையை எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

"லோஜினி," என்றார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. உப்புப் போட்டதோ?"

போட்டது என்றேன்.

2 ஜூலை, சனி

தண்ணீர் மோட்டர் காற்றுப் பிடித்தது. நானே சரிசெய்தேன்.

3 ஜூலை, ஞாயிறு

பெற்றோல் வரிசைக்கு மோட்டார் சைக்கிளோடு போனார். இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகலாமாம், வரிசையிலேயே படுப்பாராம். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பாண் சுட்டேன். இதுவரை சுட்டதில் இதுதான் சரியான பாண். மேலும் கீழும் ஒரே நிறம், தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. முழுப்பாணையும் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் பிரித்து இரண்டு துண்டை மட்டும் எடுத்தார்.

"மிச்சம் இருக்கட்டும். எனக்கு இது காணும்."

"மூண்டு நாள் எண்டு சொன்னியள்."

"வழியிலை கடை இருக்குத்தானே."

மாமியின் அறைக்குள் போய்க் கொஞ்சநேரம் நின்றார். வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார். பையை முதுகில் போட்டுக்கொண்டார். வாசல் படலை வரை நான் போனேன். படலையைத் திறந்துவிட்டு, பூட்டாமல், கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷமாவது இருக்கும்.

"போட்டு வாறன்," என்றார்.

5 ஜூலை, செவ்வாய்

மாமி வழக்கமாக அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் "தம்பி வந்திட்டானோ" என்று கேட்பார். கடைக்குப் போனாலும் கேட்பார். மூன்று நாளாகக் கேட்கவில்லை.

6 ஜூலை, புதன்

தயாபரனோடு வேலை செய்த பிறேமன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டான். ஓட்டாமல் உருட்டிக்கொண்டு வந்தான். "அண்ணை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர், அக்கா," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

தாங்கியைத் திறந்து பார்த்தேன். விளிம்பு வரை பெற்றோல்.

8 ஜூலை, வெள்ளி

வட்ஸ்அப்பில் செய்தி. அப்படியே எழுதுகிறேன்: "றுமேனியாவுக்கு வந்து சேர்ந்திட்டன். கட்டட வேலை. ஒப்பந்தம் இரண்டு வருஷம். சொன்னால் அழுவீர் எண்டுதான் சொல்லேல்ல. அம்மாவைப் பாத்துக்கொள்ளும்."

பதில் போடவில்லை. பாண் போட்டேன். மாமிக்கு மாலையில் வேண்டும்தானே.

10 ஜூலை, ஞாயிறு

கொழும்பில் என்னென்னவோ நடக்கிறது. அயல் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தம். எங்கள் வீட்டில் சத்தமே இல்லை.

பரிசோதனைக் குறிப்பு எழுதும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்று. புத்தகத்தில் என்ன வரவேண்டும் என்று இருக்கிறதோ அதை எழுதாதே, உன் கண்ணால் கண்டதை எழுது. மே இருபத்தொன்பதாம் திகதி நான் கண்டதை எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

தயாபரனின் காற்சட்டையைத் தோய்க்கப் போட்டபோது பையில் ஒரு ரசீது இருந்தது. வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலகம். அவருடைய பெயர். ஒருவருடைய பெயர் மட்டும். ஓரம் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து, இருந்தபடியே மடித்து, காய்ந்த காற்சட்டையின் அதே பையில் வைத்தேன். நனைந்து காய்ந்த காகிதம் நெளிந்து போயிருக்கும். எடுத்தவருக்கு விளங்கியிருக்கும். அவரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், அவராகச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான். ஐந்து கிழமை இருந்தேன். மாவுக்கு மேலே கை வைத்துக்கொண்டு நின்ற அன்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். படலையில் சொல்வார் என்று நினைத்தேன். போகாதேங்கோ என்று சொல்வதற்கு நான் காத்திருக்கவில்லை. என்னிடம் சொல்லத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 ஜூலை, செவ்வாய்

மாலையில் தேத்தண்ணியும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"மாமி, உங்கடை மகன் எங்கை எண்டு நீங்கள் ஒருக்காவும் என்னட்டைக் கேக்கேல்லையே."

மாமி பாணைத் தேத்தண்ணிக்குள் விட்டபடி இருந்தார். ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"நான்தான் பிள்ளை சொன்னனான். உன்னட்டைச் சொல்ல வேண்டாமெண்டு."

"ஏன்?"

"உனக்குத் தெரிஞ்சால் அவனை விடமாட்டாய். விட்டாலும், அவன் போன கையோடை என்னைக் கொண்டுபோய்த் தவமலரிட்டை விட்டிடுவாய். இது உன்ரை சீதன வீடு. எனக்கு இஞ்சை என்ன உரித்துக் கிடக்கு?"

"நீங்கள் எங்களோடை வந்த எட்டு வரியமா உங்களைப் பாக்கிறன் மாமி."

"ஓம். மகன் இருந்தபடியால் பாத்தாய்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். இடுப்பு முறிந்த மூன்று மாதம் இந்தக் கட்டிலின் கீழே பாய் போட்டுப் படுத்தவள் நான். மலம் அள்ளியவள். அந்த நேரம் மகன் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அதையெல்லாம் சொல்லவேண்டும்போல் வாய்வரை வந்தது. கோப்பைக்குள் உடைந்த பாணைக் கரண்டியால் எடுத்து ஊட்டினேன். மாமி வாயைத் திறந்தார்.

15 ஜூலை, வெள்ளி

பாண். மாமியைக் குளிக்க வார்த்தேன். அவர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

17 ஜூலை, ஞாயிறு

தயாபரன் எடுத்தார். என்னுடைய தொலைபேசிக்குத்தான். "எப்பிடி இருக்கிறீர்?" என்றார். "இருக்கிறன்," என்றேன். "அம்மாவிட்டைக் குடும்."

மாமிக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டிக் கட்டிலில் வைத்துவிட்டு, அறை வாசலில் நின்று உடுப்பு மடித்தேன்.

"அம்மா, சாப்பிடுறியளோ?"

"வடிவாச் சாப்பிடுறன். பாண் சுட்டுச் சுட்டுத் தாறாள். நீ இருக்கேக்கை விட இப்ப நல்லாப் பாக்கிறாள். நீ ஒண்டுக்கும் யோசியாதை."

"குளிருதம்மா இஞ்சை. எண்டாலும் பரவாயில்லை."

"அஞ்சு வரியத்துக்கு எண்டு கையெழுத்து வைச்சிட்டாய். இடையிலை ஓடி வராமல் நிண்டு முடிச்சிட்டு வா ராசா. இஞ்சை ஒரு குறையும் இல்லை."

ஐந்து வருஷம். எனக்கு எழுதியது இரண்டு.

மடித்த உடுப்பை அலுமாரியில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்து மறுபடி மடித்தேன். நான் நன்றாகப் பார்ப்பேன் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை நம்பித்தான் விமானம் ஏறினார். என்மீது நம்பிக்கை இல்லையென்று மாமி சொன்னது பாதிதான் உண்மை. சொன்னால் நான் மறுப்பேன், சொல்லாமல் விட்டால் பார்ப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

19 ஜூலை, செவ்வாய்

தவமலர் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சாள், ஞாயிற்றுக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு வாறன். இனி உங்களோடை இருக்கட்டும்."

"இந்தப் பெற்றோல் இல்லாத நேரத்திலை எப்பிடியப்பா கொண்டு வருவீர்? ஆவணி கழியட்டும், பாப்பம்," என்றார்.

"ரயில் ஓடுது."

"எங்கடை வீட்டிலை இடமும் காணாது. உமக்குத் தெரியும்தானே."

"கடவுச்சீட்டுக்கு அவர் வந்து நிக்கேக்கை இடம் இருந்ததுதானே மச்சாள்."

"அது... தம்பி சொல்ல வேண்டாமெண்டு சொன்னவன். நான் என்ன செய்ய?"

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். ஸ்ரேசனுக்கு ஓட்டோ மட்டும் அனுப்புங்கோ."

மாமி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பார். நான் மெல்லமாகக் கதைக்கவில்லை.

24 ஜூலை, ஞாயிறு

விடிய எழும்பிப் பாண் சுட்டேன். மாமிக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, தலை இழுத்துக் கட்டிவிட்டேன். ஒரு பையில் உடுப்பு, ஒரு பையில் மருந்து, ஒரு கையில் வோக்கர். ஸ்லோ குக்கரையும் அதன் பெட்டியில் வைத்துக் கட்டினேன். முன்வீட்டு ஓட்டோக்காரர் இருந்த பெற்றோலில் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் விட்டார்.

மாமி அழவில்லை. கிளிநொச்சி தாண்டும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் கோப்பை மூடியில் ஊற்றி, பாணைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

"தவமலர் உப்பிடிப் பாண் சுட்டுத் தருவாளோ?"

"அங்கை காஸ் வந்திட்டுதாம் மாமி. பேக்கரியும் திறந்திருக்கு. வாங்கித் தருவினம்."

"கடைப்பாண் கரை எனக்குக் கடிக்கேலாது."

ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமும் ஒதுக்கித்தானே சாப்பிட்டார். மாங்குளத்துக்குக் கிட்ட மாமி என் கையைப் பிடித்தார். ரயில் குலுங்கியதற்காகவும் இருக்கலாம்.

மச்சாள் வாசலில் நின்றார். முன் அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். மருந்து விவரம் ஒரு தாளிலும், பாண் விவரம் இன்னொரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன். மூடிக்குக் கீழே துவாய் கட்டவேண்டும், முக்கால்வாசியில் திருப்பிப் போடவேண்டும். மச்சாள் வாங்கி மடித்தார். குக்கர் பெட்டியை அவருடைய கணவர் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"தம்பி கேட்டால் என்ன சொல்லுறது?"

"கேக்கட்டும். நான் சொல்லுறன்."

மாமியிடம் போய், "போட்டு வாறன் மாமி," என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரையில்லை. தோள் அசைந்தது.

திரும்பி வந்த ரயிலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்டதை எழுது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும். நிம்மதியாக இருந்தது. யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்தது. கொடிகாமம் வரை நித்திரை கொண்டேன்.

29 ஜூலை, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சந்திப் பேக்கரியும். ஒரு ஆளுக்குக் கால்றாத்தல் பாண் தருவீர்களா என்று கேட்டேன். முழுப்பாண்தான் விற்பார்களாம்.

2 ஆகஸ்ட், செவ்வாய்

பாடசாலை விட்டு வந்து உடுப்பு மாற்றுமுன் தொலைபேசி. தயாபரன்.

"அம்மாவை ஏன் கொண்டுபோய் விட்டனீர்?"

"உங்கடை அம்மா உங்கடை அக்காவோடை இருக்கிறா. அதிலை என்ன?"

"அவ அங்கை சாப்பிடுறா இல்லையாம். மூலையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாவாம். உமக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ?"

"நீங்கள் போகேக்கை எனக்குச் சொன்னியளோ?"

"நான் ஊர் சுத்தவே வந்தனான்? ஆருக்காக வந்து இந்தக் கஷ்டப்படுறன்?"

"எத்தினை வரியத்துக்கு வந்தனீங்கள்?"

பின்னால் ஏதோ யந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவரை அழைத்தார்கள், எனக்கு விளங்காத மொழியில். அவர் பெருமூச்சு விட்டார்.

"அம்மா அண்டைக்கே சொன்னவ," என்றார். "அவளுக்குச் சொல்லாதை, தெரிஞ்சால் என்னைக் கொண்டுபோய் விட்டிடுவாள் எண்டு. நான் நம்பேல்ல. லோஜினி அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு சண்டை பிடிச்சனான் அம்மாவோடை. கடைசியிலை அம்மா சொன்னதுதான் சரியாப் போச்சு."

வைத்துவிட்டார்.

குசினிக்குள் போய் விளக்கைப் போடாமல் இருந்தேன். அவர் எனக்காகச் சண்டை பிடித்திருக்கிறார். அது உண்மையாகத்தான் இருக்கும். பொய் சொல்லும்போது அவருடைய குரல் அப்படி இராது. அந்தச் சண்டையை அவர் அம்மாவோடு பிடித்ததற்குப் பதிலாக ஒருநாள், ஒரேயொரு நாள், என்னிடம் வந்து சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சும்மா யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாக, நாள் நாளாக யோசித்தேன்.

இரண்டு நாள் அழுதிருப்பேன். மூன்றாம் நாள் அவருடைய உடுப்புகளை இஸ்திரி போட்டிருப்பேன். குளிருக்குக் கம்பளி தேடி அலைந்திருப்பேன். வழிக்கு மிளகாய்த்தூள் இடித்துக் கட்டியிருப்பேன். படலையில் நின்று கை காட்டிவிட்டு, உள்ளே வந்து மாமிக்குத் தேத்தண்ணி போட்டிருப்பேன். ஐந்து வருஷம் என்றாலும் பார்த்திருப்பேன். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ஆனால் மாமி சொன்னபடியே நான் நடந்துவிட்டேன். இனி மாமி சொல்வார், மச்சாள் சொல்வார், தயாபரன் சொல்வார், கேட்பவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை இனி ஒருவருக்கும் செய்து காட்ட முடியாது.